ஆடி முடித்த கோ ஆட்டத்தை யாரோடு உட்கார்ந்து பார்ப்பது?

கோ என்பது இரண்டு பேர் கறுப்பு, வெள்ளைக் கற்களைப் பலகையின் சந்திகளில் மாறி மாறி வைத்து நிலம் பிடிக்கும் ஆட்டம். அதைப் பழகுகிறவர்களுக்குச் சில மாதத்தில் ஒரு தேக்கம் வந்துவிடும். விதி தெரியும். எதிராளியின் கல்லைச் சுற்றி மூச்சடைத்துப் பிடிக்கத் தெரியும். இரண்டு கண் (கற்கள் தமக்குள் அடைத்துவைத்த காலி இடம்) உள்ள கற்கூட்டம் சாகாது என்பதும் தெரியும். உயிரா சாவா என்று கேட்கும் சின்னப் புதிர்களைக்கூட ஓரளவு போட்டுவிடலாம். அப்படியிருந்தும் 19க்கு 19 பலகையில் உட்கார்ந்தால், ஐம்பது கல் விழுவதற்குள் ஆட்டம் கையைவிட்டுப் போயிருக்கும். எங்கே போனது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. 361 சந்திகளில் எந்தப் பக்கம் பெரியது, எந்தக் கூட்டம் பலவீனம், இப்போது எங்கே அவசரம் என்று பார்க்கும் வியூகப் பார்வையில் உள்ள குறை அது. ஆடிய ஆட்டத்தைத் திருப்பிப் பார்க்காமல் அந்தக் குறை தீராது என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. யாரோடு பார்ப்பது என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து. எதிரே இருந்து ஆடியவரோடா? தனியே கொப்பியும் பேனையுமாகவா? கணினியோடா? நம்மைவிட நன்றாக ஆடும் ஒருவரைப் பிடித்தா?

மட்டக்களப்பில் இருப்பவர் இதை யோசித்தே முடிவெடுக்க வேண்டும். இங்கே கரம் போர்ட் இல்லாத வீடு குறைவு, செஸ் ஆடும் பிள்ளைகளும் நிறைய. கோ என்றால் முதலில் அது என்ன என்று விளக்கித்தான் தொடங்க வேண்டும். பலகையைப் பிளைவுட் துண்டில் கோடு போட்டு நாமே செய்துகொள்கிறோம். கல்லுக்குக் கறுப்பு, வெள்ளைச் சட்டைப் பொத்தான்கள். (ஜப்பானில் நல்ல வெள்ளைக் கற்களைச் சிப்பி ஓட்டில் கடைவார்கள். கல்லடிக் கடற்கரையில் நடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம் வரும்.) ஆட்களே குறைவு என்பதால் வாரத்தில் ஒரு நல்ல ஆட்டம் கிடைத்தாலே பெரிய காரியம். அந்த ஒரு ஆட்டத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் விட்டால் ஒரு வாரம் போய்விடும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வியூகம்தான் தேறவேண்டும் என்றால் முதலில் எதிராளியோடு பாருங்கள், பிறகு தனியே, அதற்கும் பிறகு கணினியோடு. நல்ல ஆட்டக்காரர் ஒருவரின் நேரம் கிடைத்தால் அதை ஒரு ஆட்டத்துக்குச் செலவழிக்காமல், நாலைந்து ஆட்டம் சேர்ந்த பிறகு செலவழியுங்கள். இப்போது பெரும்பாலானவர்கள் செய்வது நேரெதிர். ஆட்டம் முடிந்த கையோடு கணினியைத் திறந்து, பிழையைக் காட்டும் சிவப்புப் புள்ளி எங்கே என்று பார்த்துவிட்டு, அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுகிறார்கள்.

இதெல்லாம் ஓரளவு ஆடத் தெரிந்தவர்களுக்கு. இப்போதுதான் தொடங்கியவர் எதையும் திருப்பிப் பார்க்கத் தேவையில்லை. முதல் ஐம்பது ஆட்டத்தை வேகமாகத் தோற்று முடி என்று கோ உலகில் ஒரு பழமொழி உண்டு, அது சரியான புத்திமதிதான். 9க்கு 9 பலகையில் ஆடிக்கொண்டே இருந்தால் போதும். பெரிய ஆட்டக்காரர்களின் ஆட்டங்களைக் கல் கல்லாக வைத்துப் பார்ப்பதும் நல்லதுதான். கண்ணுக்கு நல்ல வடிவங்கள் பழகும். ஆனால் அது உங்கள் குறையைக் காட்டாது என்பதால் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

வெறும் வாயால் சொல்லிக்கொண்டு போனால் விளங்காது. எங்கள் வட்டத்தில் நடந்த ஒரு ஆட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

கறுப்பு ஆடியவர் ஏ.எல். எழுதிவிட்டு இருக்கும் ஒரு கல்லடித் தம்பி. வெள்ளை ஆடியவர் கல்முனையில் இருந்து பஸ் ஏறி வரும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். எல்லோருக்கும் அவர் சேர்தான். இரண்டு பேரும் ஏறக்குறைய 10 கியூ. கியூ என்பது ஆட்டக்காரரின் தரம். எண் குறையக் குறைய ஆள் பலம் கூடும், 1 கியூவுக்கு மேலே டான் தொடங்கும். சமநிலை ஆட்டம், இரண்டாவதாக ஆடும் வெள்ளைக்கு ஈடாக ஆறரைப் புள்ளி கோமி.

தம்பி வலது பக்கத்து மூன்று நட்சத்திரப் புள்ளிகளையும் (பலகையில் புள்ளி வைத்துக் குறித்த சந்திகள்) பிடித்துக்கொண்டார். மேல் மூலை, பக்கத்தின் நடு, கீழ் மூலை. சன்ரென்செய் என்று சொல்வது இதைத்தான். வலது பக்கம் முழுவதையும் ஒரு பெரிய மொயோவாக வளர்ப்பது அவருடைய எண்ணம். மொயோ என்றால் இன்னும் நிலமாகவில்லை, ஆனால் எதிராளி சும்மா இருந்தால் நிலமாகிவிடும். சேர் இடப்பக்க மூலைகள் இரண்டிலும் உட்கார்ந்துவிட்டு, மேல் வலது மூலையை மேல் ஓரத்தால் நெருங்கினார். தம்பி அந்தக் கல்லை மறுபக்கத்தில் இருந்து இடுக்கிப் பிடித்தார். வெள்ளை நடுப்பக்கமாக ஒரு தாவல், சற்றுப் பொறுத்து இன்னொரு தாவல். அவ்வளவில் இரண்டு பேரும் வேறு மூலைக்குப் போய்விட்டார்கள். மூன்று வெள்ளைக் கற்கள் கண் இல்லாமல், ஓரத்திலும் இல்லாமல் நடுவிலும் இல்லாமல் மிதந்துகொண்டிருந்தன.

38ஆவது கல் வெள்ளைக்கு. கீழ் வலது மூலையில் கறுப்புக்கு அடியால் இரண்டாம் கோட்டில் வழுக்கிப் போனால் மூலையில் கறுப்பின் நிலம் கரையும், வெள்ளைக்கும் எட்டு, பத்துப் புள்ளி ஒட்டும். சேர் அதை ஆடினார். 39இல் தம்பி, மிதந்துகொண்டிருந்த மூன்று கல்லுக்கும் நடுப்பக்க வழியை மூடிக் கல்லை வைத்தார். அதற்குப் பிறகு வெள்ளை உள்ளுக்குள்ளே நெளிந்து நெளிந்து இரண்டு கண் எடுத்து உயிர் பிழைத்தது. பிழைத்து முடிக்கும்போது கறுப்புக்கு நடுவைப் பார்த்தபடி ஒரு முழுச் சுவர் எழும்பியிருந்தது. வலது பக்கம் இப்போது நிலம். 64இல் வெள்ளை ஒரு அட்டாரியை, அதாவது அடுத்த கல்லில் பிடித்துவிடுவேன் என்ற மிரட்டலை, பிழையான பக்கத்தால் கொடுத்தது. 92இல் வேறு வழியில்லாமல் வலது பக்கத்துக்கு உள்ளேயே குதித்தது. குதித்த கற்கள் எல்லாம் செத்தன. 130ஐத் தாண்டியபோது சேர் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

இந்த ஆட்டத்தைக் கணினியில் போட்டதும் அது என்ன சொன்னது தெரியுமா? மிகப் பெரிய பிழை 92, இழப்பு 28 புள்ளி. அடுத்தது 64, இழப்பு 13 புள்ளி. 38ஆவது கல்லும் பட்டியலில் இருந்தது, ஆனால் கீழே. இழப்பு 7 புள்ளி. கணக்குப்படி இது எல்லாமே உண்மை. கணினி பொய் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பட்டியலை மேலிருந்து கீழே படித்துவிட்டு எழும்புகிறவர், தோற்றுக்கொண்டிருக்கும் ஒருவர் கடைசி முயற்சியாகப் போட்ட கல்லைப் பற்றியே யோசித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். 92 ஒரு விளைவு. அந்த நிலைக்குக் கொண்டுவந்து விட்டது 38. வியூகப் பிழைகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். விழுந்த இடத்தில் அவற்றின் விலை ஐந்து, ஏழு புள்ளிதான், வட்டி பிறகுதான் ஏறும்.

எதிராளியோடு பார்த்தபோது கதை வேறாக இருந்தது. அன்று நேரம் அதிகம் இல்லை, சேருக்குக் கடைசி பஸ்சைப் பிடிக்க வேண்டும். அதனால் முதல் அறுபது கல்லை மட்டும் திரும்ப அடுக்கினோம். 38 விழுந்ததும் தம்பி நிறுத்தினார்.

"சேர், நீங்க கீழால போவீங்க எண்டு நான் நினைக்கவே இல்ல. இன்னொருக்கா நடுவுக்குத் தாவுவீங்க எண்டுதான் பயந்துகொண்டு இருந்தன்."

"தாவினா என்ன? தப்பிப் போறது மட்டும்தானே."

"இல்ல சேர். நீங்க வெளியால வந்திட்டா என்ட மேல் பக்கத்துக் கல்லு தனிச்சுப் போயிரும். மறுகா நான்தான் ஓடணும்."

சேர் அப்படியே பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவுக்குத் தாவுவது வெறும் தற்காப்பு என்றுதான் அவர் நினைத்திருந்தார். தற்காப்பு என்று பட்டதால்தான் அதை விட்டுப் புள்ளி தேடிப் போனார். எதிர்ப்பக்கத்தில் இருந்து பார்த்தால் அதே கல் தாக்குதல். இதைக் கணினி எண்ணாகத்தான் காட்டும், ஏழு புள்ளி என்று. எதிரே இருந்தவர் அதைத் தன் பயமாகச் சொன்னார். அடுத்து அவர் சொன்னது இன்னும் முக்கியம். "39 போட்ட பிறகு உங்கட கல்லக் கொல்லணும் எண்டு நான் நினைக்கல்ல சேர். உயிரோட விட்டுட்டு வெளியால சுவர் கட்டினாப் போதும் எண்டு நினைச்சன்." 10 கியூ ஆட்டக்காரரிடம் இருந்து இப்படி ஒரு எண்ணம் வருவது பாராட்ட வேண்டியது. சேர் தன் கற்கள் பிழைத்ததை வெற்றி என்று நினைத்துக்கொண்டிருந்த அதே இருபது கல் நேரத்தில், தம்பி ஆட்டத்தையே எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். ஒரு ஆட்டத்துக்குள் இரண்டு கதைகள் ஓடியிருக்கின்றன. இரண்டாவது கதை எதிராளிக்கு மட்டுமே தெரியும். ஒரு நாள் தாண்டினால் அவருக்கும் மறந்துவிடும்.

சீனம், கொரியா, ஜப்பான் மூன்றிலும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆட்டம் முடிந்ததும் எழும்பிப் போவதில்லை. வென்றவரும் தோற்றவரும் அதே பலகையில் திரும்பக் கல் வைத்துப் பேசுவார்கள். உலகப் பட்டப் போட்டியானாலும் இதுதான் வழக்கம். 2016 மார்ச்சில் சியோலில் லீ செடோல், ஆல்பாகோ என்ற கணினி நிரலோடு ஐந்து ஆட்டம் ஆடியபோது அந்த வழக்கத்துக்கு இடமில்லாமல் போனது. அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்த அஜா ஹுவாங், திரையில் வருவதைப் பலகையில் வைக்கும் கை மட்டும்தான். இரண்டாவது ஆட்டத்தில் ஆல்பாகோ 37ஆவது கல்லை ஐந்தாம் கோட்டில் வைத்தது. ஒரு மனிதர் அப்படி ஆடப் பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்புத்தான் என்பது அந்த நிரலின் சொந்தக் கணிப்பு. ஏன் வைத்தாய் என்று கேட்க எதிரே ஆள் இல்லை. அன்று இரவு லீ செடோல் சக ஆட்டக்காரர் சிலரை ஹோட்டல் அறைக்குக் கூப்பிட்டு, விடியும்வரை ஆட்டங்களைத் திரும்ப அடுக்கிப் பார்த்தார். மூன்றாவதையும் தோற்று, நான்காவதை வென்றார். தொடர் 4-1 என்று முடிந்தது. உலகத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவருக்கே திருப்பிப் பார்க்க ஒரு மனித ஆள் தேவைப்பட்டது. நமக்கு அந்த ஆள் பலகைக்கு அடுத்த பக்கத்திலேயே இருக்கிறார். அவரைப் பஸ் ஏற்றிவிட்டுக் கணினியைத் திறப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எதிராளியோடு பார்ப்பதில் ஒரு குறை உண்டு, அது சின்னக் குறையும் இல்லை. 10 கியூவும் 10 கியூவும் சேர்ந்து பார்த்தால் இருவருக்கும் பொதுவாகத் தெரியாத ஒன்று பலகையிலேயே கிடந்தாலும் கண்ணில் படாது. அன்று 39க்குப் பிறகு வெள்ளை எப்படி நல்லபடியாகப் பிழைத்திருக்கலாம் என்று மூன்று பேரும் வைத்து வைத்துப் பார்த்தோம். பிழைக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி ஒருவருக்கும் வரவில்லை. அதைக் கேட்டது கணினி. 40இல் அந்த மூன்று கல்லையும் அப்படியே விட்டுவிட்டு, வலது பக்கத்தின் நடுவுக்குள் முதலில் புகுந்தால் இழப்பு இரண்டு புள்ளிதான் என்றது. மூன்று கல்லைக் கொன்று எடுக்கக் கறுப்புக்கு இன்னும் ஓரிரு கல் செலவாகும், அதற்குள் மொயோ உடைந்துவிடும். சீனாவின் தாங் காலத்து வாங் ஜிசின் பெயரில் வழங்கும் கோவின் பத்து விதிகளில் மூன்று, எதையாவது விட்டுக்கொடுப்பதைப் பற்றியவை. கல்லைக் கொடுத்து முந்திக்கொள், சின்னதை விட்டுப் பெரியதை எடு, ஆபத்தென்றால் கைவிடு. பல நூறு வருடம் பழைய புத்திமதி, மூன்று பேருக்கும் தெரிந்த புத்திமதி. பலகையில் வந்து நின்றபோது அடையாளம் தெரியவில்லை.

ஆகவே கணினி வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அதனிடம் என்ன கேட்கிறோம் என்பதுதான் விஷயம்.

இப்போது வசதிக்குக் குறைவில்லை. டேவிட் வூ 2019இல் வெளியிட்ட கட்டாகோ என்ற கோ ஆடும் நிரல் இலவசம், மூலநிரலும் திறந்தது. அதை லேப்டொப்பில் ஓட்டிப் பார்க்கக் கேட்ரெயின் என்ற நிரல் வசதியானது. ஒவ்வொரு கல்லிலும் எத்தனை புள்ளி இழந்தோம் என்று நிறத்தில் காட்டும். ஒரு தடவை இறக்கிக்கொண்டால் பிறகு டேட்டாவே தேவையில்லை. நல்ல கிராபிக்ஸ் கார்ட் இல்லாத பழைய லேப்டொப்பில் மெதுவாக ஓடும். நிரலின் மூளை போன்ற வலையமைப்பில் சின்னதைப் போட்டுக்கொண்டால் நம் அளவுக்குத் தாராளமாகக் காணும். மிகக் குறைந்த நேரம் யோசிக்கவிட்டாலும் கட்டாகோ நம் எல்லோரையும்விடப் பலசாலி. இணையத்தில் ஆடுகிறவர்களுக்கு ஓ.ஜி.எஸ். என்ற கோ தளத்திலேயே ஆட்டம் முடிந்ததும் ஒரு சுருக்கமான ஆய்வு வந்துவிடும். விரிவாக வேண்டுமென்றால் பணம் கட்ட வேண்டும்.

பார்க்கும்போது வெற்றி வாய்ப்பு வீதத்தை மறைத்துவிட்டுப் புள்ளி வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். எட்டுப் புள்ளி முன்னால் இருந்தால் கணினி தொண்ணூறு வீதத்துக்கு மேல் வெற்றி என்று சொல்லும், ஏனென்றால் அதன் கையில் அந்த எட்டுப் புள்ளி நழுவாது. நம் கையில் ஒரே ஆட்டத்தில் நாலு தடவை நழுவும். அந்த வீதத்தைப் பார்த்துப் பயப்படுவதிலோ சந்தோஷப்படுவதிலோ அர்த்தமில்லை.

வியூகத்துக்கு என்று நான் கணினியைப் பயன்படுத்தும் வழி ஒன்று இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சந்தேகமான இடத்தில், இந்த ஆட்டத்தில் 37க்குப் பிறகு, வெள்ளையை ஒரு முறை ஆடாமல் விடச் செய்யுங்கள். இப்போது கறுப்புக்கு எது நல்ல கல் என்று கணினியைக் கேளுங்கள். எதிராளி தொடர்ந்து இரண்டு கல் ஆடக் கிடைத்தால் எங்கே போவாரோ அங்கேதான் அவசரம் இருக்கிறது. இந்த ஆட்டத்தில் கணினி கீழ் மூலையைத் திரும்பியும் பார்க்கவில்லை, நேராக 39ஐக் காட்டியது. பெரிய இடத்துக்கு முன் அவசர இடம் என்று எல்லோரும் ஒப்புவிப்போம். எது அவசரம் என்று கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. பிறகு அதையே கணினி இல்லாமல் மனதுக்குள் செய்யப் பழகலாம். நான் இப்போது ஆடாமல் விட்டால் இவர் எங்கே வைப்பார்? ஆட்டத்தின் நடுவே இந்தக் கேள்வியைக் கேட்கப் பழகியவர் இரண்டு மூன்று கியூ ஏறுவதைப் பார்த்திருக்கிறேன்.

கணினி காட்டும் கல்லை அப்படியே நகலெடுப்பதுதான் ஆகாது. 2017க்குப் பிறகு ஆட்டத் தொடக்கத்திலேயே மூலை நட்சத்திரப் புள்ளிக்கு அடியில் 3-3 சந்தியில் (இரண்டு ஓரத்தில் இருந்தும் மூன்றாம் கோடு) புகுவது உலகம் முழுவதும் வழக்கமாகிவிட்டது. கணினிகள் ஆடின, பிறகு தொழில்முறை ஆட்டக்காரர்களும் ஆடினார்கள். இன்று 15 கியூ பிள்ளைகளும் ஆடுகிறார்கள். மூலை கிடைக்கும், பதிலுக்கு எதிராளிக்கு வெளியே சுவர் கிடைக்கும். அந்தச் சுவரைப் பயனில்லாமல் செய்யத் தெரிந்தவருக்குத்தான் அது லாபம். தெரியாதவர் ஒவ்வொரு ஆட்டத்திலும் பத்துப் புள்ளி மூலையை வாங்கிக்கொண்டு அரைப் பலகையைக் கொடுக்கிறார். பிறகு, கணினி சரி என்றுதானே சொன்னது என்று குழம்புகிறார். 2024இல் கட்டாகோவுக்கு மனித ஆட்டங்களில் பயிற்றுவித்த ஒரு வலையமைப்பும் வந்திருக்கிறது. ஒரு குறிப்பிட்ட கியூ அளவில் உள்ளவர் இந்த இடத்தில் என்ன ஆடுவார் என்று அது காட்டும். உங்களைவிட நாலைந்து படி மேலே வைத்துக் கேட்டுப் பாருங்கள். உச்சியில் உள்ள கல்லைவிட எட்டக்கூடிய கல் அதிலே கிடைக்கும்.

கணினிக்கு முன்னால் தனியே பார்ப்பதைப் பலர் தவிர்க்கிறார்கள், சலிப்பாக இருக்கிறதாம். அரைமணி நேரம் போதும். எல்லாக் கல்லையும் பார்க்கத் தேவையில்லை, நாலைந்து சந்தர்ப்பங்கள் போதும். ஒரு மூலையில் சண்டை முடிந்து இனி எங்கே போவது என்று கை நின்ற இடங்கள்தான் அவை. அங்கே நிறுத்தி மூன்று விஷயத்தைக் கொப்பியில் எழுதுங்கள். இரண்டு பக்கத்திலும் எந்தக் கூட்டம் பலவீனம், எந்த இடம் பெரியது, எண்ணிப் பார்த்தால் யார் முன்னால். எண்ணுவதுதான் எல்லோரும் தாண்டிப் போகிற வேலை. அந்த ஆட்டத்தில் 37இல் எண்ணியிருந்தால் சேர் அவ்வளவு அவசரப்பட்டுப் புள்ளி தேடிப் போயிருக்க மாட்டார், ஏனென்றால் நிலத்தில் அவர் ஏற்கெனவே முன்னால் இருந்தார். எழுதிவிட்டுப் பிறகுதான் கணினியைத் திறக்க வேண்டும். எழுதாமல் திறந்தால், விடையைப் பார்த்ததும் நானும் இதைத்தான் நினைத்தேன் என்று மனம் சொல்லிவிடும்.

இணையத்தில் ஆடினால் பதிவு எஸ்.ஜி.எஃப். கோப்பாகத் தானே கிடைக்கும். பிளைவுட் பலகையில் ஆடுகிறவர்கள் இருபது கல்லுக்கு ஒரு தடவை போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டாலே பிறகு ஞாபகத்தில் இருந்து ஆட்டத்தைக் கட்டி எழுப்பிவிடலாம். ஆட்டம் முடிந்ததும் எதிராளியோடு திரும்ப அடுக்குவது அந்த ஞாபகத்தையும் உறுதியாக்கும்.

இனி நல்ல ஆட்டக்காரரிடம் கொடுத்துப் பார்ப்பது. ஒரு மணி நேரத்துக்குக் கிடைக்கும் பலனைக் கணக்குப் பார்த்தால் இதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் நமக்கு இதுதான் கஷ்டமானதும். பக்கத்தில் டான் ஆட்டக்காரர் இல்லை, இணையத்தில்தான் தேட வேண்டும். ஐரோப்பிய ஆசிரியர்கள் அங்கே மாலை ஏழு மணிக்கு வகுப்பு வைத்தால் நமக்கு இரவு பத்தரை, பதினொன்றரை ஆகிவிடும். கட்டணம் யூரோவிலும் டாலரிலும். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு அது ஒரு மாணவர் தொடர்ந்து கட்டக்கூடிய தொகையாக இல்லை. விருப்பத்தோடு இலவசமாகப் பார்த்துக் கொடுக்கும் நல்ல மனிதர்களும் தளங்களில் இருக்கிறார்கள், ஆனால் ஒருவரை வாராவாரம் கேட்க முடியாது.

அதனால்தான் சேர்த்துக் கொடுங்கள் என்கிறேன். ஒரு ஆட்டத்தைக் கொடுத்தால் அந்த ஆட்டத்தின் கற்களைப் பற்றிச் சொல்வார், அதைக் கணினியும் சொல்லும். தோற்ற நாலு ஆட்டத்தைச் சேர்த்துக் கொடுத்தால் உங்கள் பழக்கத்தைப் பற்றிச் சொல்வார். சேர் பின்பு நாலு ஆட்டத்தை 3 டான் ஒருவருக்கு அனுப்பினார், ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும் தான் என்ன நினைத்தார் என்ற குறிப்போடு. வந்த பதில் சின்னது. நாலிலும் நாற்பதாவது கல்லுக்கு முன் பின்னாக ஒரு கூட்டத்தை மிதக்கவிட்டு இரண்டாம் கோட்டுக்குப் போகிறீர்கள், நாலிலும் அப்போது நீங்கள்தான் முன்னால் இருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தார். முன்னால் இருக்கும்போது இன்னும் கொஞ்சம் சேர்த்துவிடுவோம் என்று தோன்றும் ஒரு குணத்தை அவர் நாலு கோப்புக்குள் இருந்து எடுத்துக் காட்டிவிட்டார். கணினிக்கு ஒவ்வொரு கோப்பும் தனி ஆட்டம். தம்பிக்குத் தான் ஆடிய ஆட்டம் மட்டும்தான் தெரியும். சேருக்கோ அது தன் குணம் என்பதாலேயே கண்ணில் படவில்லை.

அனுப்பும்போது குறிப்பு எழுதாமல் வெறும் கோப்பை அனுப்பினால் பாதிப் பலன் போய்விடும். இந்தக் கல்லை ஏன் வைத்தேன், எதற்குப் பயந்தேன், எங்கே முன்னால் இருப்பதாக நினைத்தேன் என்று தமிழிலோ உடைந்த ஆங்கிலத்திலோ ஒரு வரி போட்டாலும் போதும். பார்ப்பவர் கல்லுக்குப் பின்னால் இருக்கும் யோசனைக்குப் பதில் எழுதுவார். கணினி கொடுத்த எண்களை அந்தக் கோப்பில் விட்டுவைக்காதீர்கள், அவர் கண்ணும் அதன் பின்னால் போய்விடும்.

ஆக, நேரம் குறைவாக இருந்து ஒன்றைத்தான் செய்ய முடியும் என்ற நிலை வந்தால், 15 கியூவுக்கும் 5 கியூவுக்கும் இடையில் உள்ளவர் எதிராளியோடு முதல் அறுபது கல்லைப் பார்க்கட்டும். இணையத்தில் முகம் தெரியாதவரோடு ஆடியிருந்தாலும், ஆட்டம் முடிந்ததும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், எந்தக் கல்லுக்குப் பயந்தீர்கள் என்று. பலர் பதில் சொல்லாமல் போய்விடுவார்கள், சிலர் நின்று பேசுவார்கள். 5 கியூவைத் தாண்டியவர்களுக்குக் கணினியின் பங்கு கூடும், ஏனென்றால் அவர்களுடைய பிழைகள் சின்னதாகிவிடும், எதிராளியின் கண்ணுக்கும் தட்டுப்படாது. அந்த நிலையிலும் கொப்பியில் எழுதாமல் கணினியைத் திறக்க வேண்டாம் என்றே சொல்வேன்.